சாப்பாட்டு அறையில் முளைத்த கம்பி

எட்டியப்பனைச் சாகும்வரை தூக்கிலிட வேண்டும் என்ற கடைசி வரியைப் படித்து, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, வழக்கப்படி பேனா முள்ளை மேசையில் அழுத்தி உடைத்துவிட்டு, மஞ்சனூர் மாவட்ட அமர்வு நீதிபதி தில்லைநாயகம் வீட்டுக்கு வந்து மோர்சாதம் சாப்பிட்டுப் படுத்து எழுந்த மறுநாள் காலையில், அவருடைய சாப்பாட்டு அறையில், மேசைக்கும் சுவருக்கும் நடுவே, தரைக்கல்லைப் பிளந்துகொண்டு ஒரு விரல் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி முளைத்திருந்தது.

முதலில் பார்த்தவள் அவர் மனைவி கோமதி. தண்ணீர்க் குழாய் ஏதோ தூக்கிக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்துக் குழாய்க்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கம்பியைத் தட்டிப் பார்த்தார், குறடு போட்டு இழுத்துப் பார்த்தார், குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கூடக் கேட்டார். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, இது நம்ம வேலை இல்லீங்கம்மா, இதுக்கு வேர் போயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். யார் காலிலும் இடித்துவிடக் கூடாதே என்று கோமதி அதன் மேல் ஒரு பழைய ஈயச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். நீதிபதி அன்று கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுக் கிளம்பினார்.

எட்டியப்பன் செய்ததைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, அவனுக்கும் இருக்கவில்லை. ஊருக்கு மேற்கே செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவன் அவன். நிறைமாதமாக இருந்த அவன் மனைவி மருதாயிக்கு வலி எடுத்தபோது, அந்த வாரத்துச் சூளை பற்றவைத்து முடிகிற வரைக்கும் யாரும் வெளியே போகக் கூடாது என்று மேஸ்திரியும் மேஸ்திரியின் தம்பியும் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். சுடாத பச்சைச் செங்கற்களை அடுக்கி வைத்த வரிசைகளுக்கு நடுவே, பிள்ளையும் வெளியே வராமல், மருதாயி இறந்துபோனாள். பதினோராம் நாள் எட்டியப்பன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், கொட்டகையில் வரிசையாகப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த மூன்று பேரையும் வெட்டினான். முதல் ஆள் மேஸ்திரி, இரண்டாவது மேஸ்திரியின் தம்பி. மூன்றாவது ஆள், கல் ஏற்ற வந்து மழையில் வண்டி மாட்டிக்கொண்டதால் அங்கேயே தங்கிவிட்ட லாரி டிரைவர் கணபதி. அவனுக்கு மருதாயி யார் என்றுகூடத் தெரியாது. எட்டியப்பன் மண்வெட்டியைக் கழுவாமல் தோளில் வைத்துக்கொண்டு ஐந்து மைல் நடந்து ஸ்டேஷனுக்குப் போய், அங்கே யாரும் எழுந்திருக்காததால் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

தீர்ப்பு நூற்றுப் பதினான்கு பக்கம். அதில் கணபதிக்கு ஒன்பது வரியும் மருதாயிக்கு ஒரு வரியும் கிடைத்திருந்தன. மனைவியின் இயற்கை மரணத்தால் மனம் கலங்கியிருந்தான் என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல என்பது அந்த ஒரு வரி. இது தூக்குக்கு உரிய அரிதினும் அரிதான வழக்கு என்று நீதிபதி எழுதியதைக் கேட்டு மஞ்சனூர் மக்கள் பஸ் நிலையத்தில் ஜிலேபி கொடுத்தார்கள். சூளை உரிமையாளர்கள் பாராட்டு விழா நடத்த அனுமதி கேட்டார்கள். நீதிபதி மறுத்தார், மறுத்ததற்கும் அவரைப் பாராட்டினார்கள்.

கம்பி வளர்ந்தது. நாளுக்கு நாள் வளரவில்லை, ஒவ்வொரு உத்தரவு வரும்போதும் வளர்ந்தது. மேல்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்த அன்று ஈயச் சட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உருண்டது, கம்பி முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதற்கும் மேலே இருந்த நீதிமன்றம் உறுதி செய்தபோது தொடை வரைக்கும் வந்தது. கருணை மனு தில்லிக்குப் போய் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்த அன்று, இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, நுனியில் கைப்பிடிக்கு வாகாக ஒரு மரக்குமிழும் விட்டு, இனி வளர ஒன்றுமில்லை என்பதுபோல நின்றுவிட்டது. இடையில் தில்லைநாயகம் தெற்கே ஒரு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். சாமான்களை லாரியிலிருந்து இறக்குவதற்கு முன்பே அங்கே சாப்பாட்டு அறையில் கம்பி நின்றுகொண்டிருந்தது. அந்த ஊரில் தண்ணீர் உப்பாக இருந்ததால் மூன்று மாதத்தில் அவரே கேட்டு மஞ்சனூருக்குத் திரும்பிவிட்டார்.

அது என்ன கம்பி என்பது மஞ்சனூர் மத்திய சிறையில்தான் முதலில் தெரிந்தது. அங்கே தூக்குமேடைப் பலகையைத் திறக்கிற விசைக்கம்பி இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குள் இறங்கிக்கொண்டே போய், கருணை மனு நிராகரிக்கப்பட்ட அன்று கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிட்டது. மறைந்த இடத்தைத் தோண்டினார்கள், வெறும் களிமண் வந்தது. நீதிபதி வீட்டில் ஒரு கம்பி முளைத்திருக்கிற கதை கோர்ட் டவாலி மூலம் ஊர் முழுக்கத் தெரிந்த கதைதான், அதனால் சிறைக் கண்காணிப்பாளர் தொலைபேசியை எடுத்து, மன்னிக்க வேண்டும், ஐயா அதைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பலகை மேல் எட்டியப்பன் எடைக்கு ஒரு மணல் மூட்டையை வைத்திருந்தார்கள். தில்லைநாயகம் ஒரு கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு மறு கையால் மரக்குமிழைப் பிடித்து இழுத்தார். வெண்ணெயில் கத்தி போவதுபோல அது வந்தது. நான்கு மைலுக்கு அப்பால் பலகை திறந்துகொள்ள, மூட்டை விழுந்து கயிறு விறைத்த சத்தம் தொலைபேசியில் கேட்டது.

மற்றவர்கள் இழுத்தால் வரவில்லை. தூக்கிலிடுகிற மாசிலாமணி இழுத்தார், கண்காணிப்பாளர் இழுத்தார், கட்டடப் பொறியாளர் சங்கிலி கட்டி ஜீப்பை விட்டு இழுத்தார். ஜீப்தான் வீணாயிற்று.

ஆச்சரியப்பட வேண்டியதை எல்லாம் ஒரு வாரத்துக்குள் ஆச்சரியப்பட்டு முடித்துவிட்டு, மஞ்சனூர் அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கியது. அரசாங்கத்திலிருந்து ஆள் வந்து கம்பிக்குப் பச்சை வண்ணம் அடித்து வெள்ளையில் எண் எழுதி, இது அரசு உடைமை, சேதப்படுத்தக் கூடாது என்று கோமதியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வழக்கறிஞர்கள் சங்கம் கூடி, கம்பி அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று இரண்டு நாள் விவாதித்து, நீதிபதி கையில் அசையும், மற்றவர் கையில் அசையாது என்று தீர்மானம் போட்டது. பக்கத்துக் கிராமங்களில் ஆடு காணாமல் போனாலும் வரப்பு நகர்ந்தாலும் கம்பியைத் தொட்டுச் சத்தியம் பண்ணு பார்க்கலாம் என்று சொல்லி, இரண்டு தரப்பும் வேன் பிடித்து நீதிபதி வீட்டுக்கு வந்தார்கள். கோமதி முதலில் பின்கட்டு வழியாக விட்டாள், பிறகு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்று நேரம் வைத்தாள். மற்ற நேரத்தில் அதில் காய்கறிப் பையை மாட்டினாள். விருந்தாளிகள் இடது தோளைத் திருப்பாமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

மாநிலம் முழுக்க அமர்வு நீதிபதிகள் சாப்பாட்டு மேசைகளை உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டு நின்றபடியே சாப்பிடத் தொடங்கினார்கள். அந்த வருஷம் அரிதினும் அரிதான வழக்கு உண்மையாகவே அரிதாகிப்போய், தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. குடும்பத்தையே விஷம் வைத்துக் கொன்ற ஒருவனுக்கு, அவன் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படம் வரைவான் என்பதைக் கருத்தில் கொண்டு ஒரு நீதிபதி ஆயுள் தண்டனை கொடுத்தார். எட்டியப்பனின் தண்டனையை உறுதி செய்த மேல்நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் தங்கள் வீட்டுத் தரைகளைத் தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், குற்றவாளியை நேரில் கண்டு எடைபோடும் வாய்ப்பு விசாரணை நீதிபதிக்கே கிடைத்தது என்றும், அவர் மீது தங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்றும் ஒரு கடிதம் அனுப்பினார்கள்.

ஒரு நாள் காலை பத்து மணிக் கூட்டத்தில் கணபதியின் மனைவி பவளக்கொடி வந்தாள். பஞ்சாலையில் ஷிப்டு முடித்துவிட்டுத் தலையில் பஞ்சோடு நேராக வந்திருந்தாள். தான் இன்னார் என்று சொல்லிக்கொண்டு, கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். நீதிபதி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தாள், அது அசையவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கோமதி கொடுத்த மோரைக் குடித்தாள்.

"உங்களுக்கு மட்டும்தான் வருமாம்ல. நீங்களாவது இழுத்துருங்க ஐயா. மத்த ரெண்டு பேரு என்ன பண்ணாங்களோ, எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரு தூங்கிட்டுத்தான் இருந்தாரு."

தில்லைநாயகம் தலையை ஆட்டினார். ஆட்டியது சரி என்பதற்கா கேட்டுக்கொண்டேன் என்பதற்கா என்று அவருக்கே தெரியவில்லை.

தூக்கை நிறைவேற்றச் சொல்லும் கறுப்பு வாரண்டில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். போட்டார். மே மாதம் முதல் வியாழக்கிழமை காலை எட்டு முதல் ஒன்பது வரை என்று அரசாங்கம் நேரம் குறித்தது. பழைய வழக்கப்படி விடியற்காலையில் வைக்கலாம்தான், ஆனால் இப்போது அதிகாரிகள் ஒரு குடும்பம் வாழ்கிற வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. அதற்கு முன் நீதிபதிக்குப் பயிற்சி கொடுக்க மாசிலாமணியை அனுப்பினார்கள். கடைநிலை ஊழியர் மாவட்ட நீதிபதிக்குப் பயிற்சி கொடுக்கலாமா, கொடுக்கும்போது உட்காரலாமா என்று கேட்டுக் கடிதம் எழுதி, ஒரு மாதம் கழித்து, முக்காலியில் உட்காரலாம் என்று பதில் வந்தது.

மாசிலாமணி முக்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயது, நெற்றியில் திருநீறு, சைக்கிளில் வந்ததில் வேர்த்திருந்தார். இழுப்பதற்குப் பயிற்சி ஒன்றும் இல்லை, முந்தின நாள் காரம் சேர்க்காமல் சாப்பிட்டால் போதும் என்றார். நீதிபதி அவரிடம், இழுப்பதற்கு முன் நீங்கள் கைதியின் காதில் ஏதோ சொல்வீர்களாமே, என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். மாசிலாமணி தயங்கினார். நீதிபதி வற்புறுத்தினார்.

"தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. 'அப்பா, என்னை மன்னிச்சுரு. நான் கூலிக்காரன். இந்தப் பாவம் என்னுது இல்ல, உத்தரவு போட்ட நீதிபதி ஐயாவுது'ன்னு சொல்லுவேன். எங்க அப்பாவும் அதைத்தான் சொன்னாரு."

"அப்படியானால் நான் என்ன சொல்வது?"

கோமதி கொடுத்த காப்பி ஆறியது.

"தெரியலீங்களே ஐயா. எங்களுக்குச் சொல்லிக்க நீங்க இருந்தீங்க."

இந்தக் கேள்வியை நீதிபதி எழுத்து மூலம் மேலே அனுப்பினார். ஒரு குழு அமைத்தார்கள். குழு கூடி, பாவம் சட்டத்தைச் சேரும் என்று சொல்லலாம் என்று ஒரு வாசகமும், சட்டம் மக்களால் ஆக்கப்பட்டது என்பதால் பாவம் மக்களைச் சேரும் என்று இன்னொரு வாசகமும் தயாரித்து, இரண்டாவது தேர்தல் காலத்தில் பொருத்தமாக இராது என்று முதலாவதை அனுப்பி வைத்தது.

வாரண்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது தில்லைநாயகம் சிறைக்குப் போய் எட்டியப்பனைப் பார்த்தார். போகக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார்கள், எந்த நீதிபதியும் போனதில்லை என்பதால் விதியும் இல்லை. எட்டியப்பன் எழுந்து நின்று, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். விசாரணை நடந்த நாற்பத்திரண்டு நாளும் தன் எதிரே கூண்டில் நின்றவனுக்கு வலது காதில் ஒரு சின்னக் கடுக்கன் இருக்கிறது என்பதை நீதிபதி அப்போதுதான் பார்த்தார்.

"அந்தக் கம்பி உங்க வீட்டுல இடைஞ்சலா இருக்குதுங்களாமே," என்றான் எட்டியப்பன். "அம்மாவுக்குப் புழங்கச் சிரமமா இருக்கும்."

பரவாயில்லை, பழகிவிட்டது என்றார் நீதிபதி. பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல், நீ ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"மேஸ்திரியும் அவன் தம்பியும் போனதுக்கு நான் வருத்தப்படலீங்க. பொய் சொல்லி என்ன ஆகப் போவுது. அந்த டிரைவருதாங்க. போர்வையை எடுத்துப் பாக்காம வெட்டிட்டேன். அவருக்குன்னா நீங்க இழுக்கலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த ரெண்டு பேருக்குன்னா இழுக்கக் கூடாது. ஆனா பிரிச்சு இழுக்க முடியாதுங்களே, ஒரே கம்பிதானே."

நீதிபதி அங்கிருந்து கோர்ட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு தன்னுடைய தீர்ப்பை எடுத்துப் படித்தார். மருதாயிக்கு இன்னொரு வரி சேர்க்க இடம் இருந்தது, மூன்றாம் பத்தியின் முடிவில் பாதி வரி காலியாகவே கிடந்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழையைத் தவிர வேறு எதையும் திருத்த அதை எழுதியவருக்கே அதிகாரம் இல்லை. இந்தச் சட்டப் பிரிவை அவரே பல பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை வந்தது. காலை ஏழரைக்கே தாசில்தாரும் மருத்துவரும் அரசு வழக்கறிஞரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மரணத்தைச் சான்றளிக்கிற மருத்துவர் சிறையில் இருந்தார், இங்கே வந்தவர் நீதிபதியின் ரத்த அழுத்தத்துக்காக. வந்தவர்களைச் சும்மா உட்காரவைக்க முடியாதே என்று கோமதி இட்லியும் கொத்தமல்லிச் சட்னியும் செய்திருந்தாள். மேசையில் கம்பி இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எட்டு மணிக்குச் சிறையிலிருந்து தொலைபேசி வந்தது, எல்லாம் தயார் என்றார்கள். நீதிபதி எழுந்துபோய்க் கம்பியின் மரக்குமிழில் கையை வைத்தார்.

வைத்த கையை அவர் இழுக்கவில்லை, எடுக்கவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டே கால் ஆயிற்று, எட்டரை ஆயிற்று. அரசு வழக்கறிஞர் இரண்டு தடவை கனைத்தார், தாசில்தார் இன்னொரு இட்லி போட்டுக்கொண்டார். ஒன்பது அடித்ததும் வாரண்ட் காலாவதி ஆயிற்று. நீதிபதி கையை எடுத்துவிட்டுக் குறிப்பேட்டில், குறித்த நேரத்துக்குள் கம்பி அசையவில்லை என்று எழுதினார். அது பொய் இல்லை என்பதால் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கம்பி அசையாவிட்டால் புது வாரண்ட் போட வேண்டும் என்றுதான் விதி. ஜூன் மாதம் முதல் வியாழக்கிழமை அதிகாரிகள் மறுபடி வந்தார்கள், கம்பி அசையவில்லை. ஜூலையிலும் அசையவில்லை. போகப் போக அது ஒரு மாதாந்திர நிகழ்ச்சியாகி, தாசில்தார் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை என்றும், அரசு வழக்கறிஞர் மனைவி கோமதியிடம் சட்னிக்குப் பக்குவம் கேட்டனுப்பினாள் என்றும் ஆயிற்று. தூக்கு கேட்டு ஊர்வலம் போனவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் தூக்கு நடக்கப் போகிறது என்ற திருப்தி இருந்தது, தூக்கு கூடாது என்றவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் நடக்கவில்லை என்ற திருப்தி இருந்தது. தில்லைநாயகத்துக்கும் தூக்கம் வந்தது. கொல்லவும் இல்லை, கடமையை மீறவும் இல்லை என்று அவர் கோமதியிடம் சொன்னார். கோமதி காய்கறிப் பையைக் கம்பியிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினாள்.

நவம்பரில், ஏழாவது வியாழக்கிழமை கழிந்த மறுநாள் மாலை, மாசிலாமணி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை முக்காலியில் உட்காரவில்லை.

"ஐயா, நீங்க இங்க ஒரு மணி நேரம் கையை வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க. அவன் அங்க ஒரு மணி நேரம் நிக்கிறான். அது உங்களுக்குத் தெரியுங்களா?"

நீதிபதி கையிலிருந்த செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"குளிக்க வெச்சு, புதுத் துணி போட்டு, கையைப் பின்னால கட்டி, மூஞ்சில கறுப்புப் பை மாட்டி, கயித்தைக் கழுத்துல போட்டுப் பலகை மேல நிறுத்தறது நான்தாங்க. ஏழு தடவை நிறுத்திட்டேன். முதல் தடவை சாமி பேரைச் சொன்னான். மூணாவது தடவை காலு தாங்காம உக்காரப் பாத்தான், தூக்கிப் புடிச்சோம். நேத்து நின்ன எடத்துலயே வேட்டியை நனைச்சுட்டு, ஒன்பது மணி ஆச்சான்னு பச்சப்புள்ள மாதிரி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எங்கப்பா இருபத்தொம்போது பேரைத் தூக்குல போட்டாரு. ஒருத்தனையும் ரெண்டு தடவை போட்டதில்ல."

அவர் போன பிறகு தில்லைநாயகம் சாப்பாட்டு மேசையில், கம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். ஏழு மாதமாகத் தன்னுடைய ஒரு கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. பிறகு குறிப்பேட்டை எடுத்து, ஏழு பதிவுகளுக்கும் கீழே எழுதினார். கம்பி அசையவில்லை என்று நான் எழுதியது உண்மையை மறைக்க எழுதியது. கம்பி அசையும். நான்தான் இழுக்கவில்லை. என் கையால் செய்ய முடியாததை வேறொருவர் கையால் செய்யச் சொல்லி நூற்றுப் பதினான்கு பக்கம் எழுதினேன். இனி வாரண்டில் கையெழுத்துப் போட மாட்டேன். எட்டியப்பனை மறுபடி பலகையில் நிறுத்தக் கூடாது. தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார், பேனா முள்ளை உடைக்கவில்லை.

அந்த ஆறு வரியை ஜீரணிப்பதுதான் கம்பியைவிடக் கஷ்டமாக இருந்தது. கம்பி முளைத்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அரசாங்கம், ஒரு நீதிபதி தான் செய்தது இன்னதென்று எழுதிவிட்டதைக் கண்டு திடுக்கிட்டது. அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். வழக்கறிஞர்கள் சங்கம் அவருக்கு ஆதரவாக ஒரு தீர்மானமும் எதிராக ஒரு தீர்மானமும் போட்டது. ஜிலேபி கொடுத்தவர்கள் வந்து வாசலில் அவர் உருவப் பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள், அதற்குக் கயிறு இழுக்க ஆளுக்கு ஆள் முந்தினார்கள்.

பவளக்கொடியும் வந்தாள். இந்தத் தடவை மோர் வேண்டாம் என்றாள்.

"அப்ப என் வீட்டுக்காரருக்கு என்ன பதில்?"

"என்னிடம் பதில் இல்லையம்மா," என்றார் தில்லைநாயகம்.

"அதை அன்னிக்கே எழுதியிருக்கலாமே. ஒன்பது வரி எழுதுனதுக்குப் பதிலா."

அவள் படியிறங்கிப் போவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த வருஷம் சித்திரையில் மேல்நீதிமன்றம், அதே இரண்டு நீதிபதிகளைக் கொண்டு, ஒரு மனிதனை ஏழு முறை தூக்குமேடையில் நிறுத்தியது கொடுமை என்று கண்டறிந்து, எட்டியப்பனின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கொடுமைக்கு யார் காரணம் என்பதைப் பற்றி உத்தரவில் எதுவும் இல்லை. அன்று மாலை கோமதி சாப்பாட்டு அறையைப் பெருக்கும்போது விளக்குமாறு பட்டுக் கம்பி முற்றிய கீரைத் தண்டு போலச் சாய்ந்து விழுந்தது. சிறையில் பழைய இடத்தில் பழைய கம்பி நின்றது. மாசிலாமணி மணல் மூட்டையை வைத்து இழுத்துப் பார்த்தார், வந்தது. மறுநாளே ஓய்வுக்கு விண்ணப்பம் கொடுத்தார். மாநிலத்தில் நீதிபதிகள் இன்னும் நின்றபடியே சாப்பிட்டார்கள், அடுத்த கம்பி எங்கே முளைக்கும் என்று யார் கண்டது.

வேலை போய், அரசாங்க வீட்டைக் காலி செய்து, வாடகைக்குப் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை தில்லைநாயகம் டவுன் பஸ்ஸில் ஏறிச் சிறைக்குப் போனார். பார்வையாளர் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றார். எட்டியப்பனைப் பார்க்கப் பார்வையாளராக அதுவரை யாரும் வந்ததில்லை என்பதால் அவன் பக்கம் பதிவேட்டில் வெறுமையாக இருந்தது. காவலர் பெயர் கேட்டார், முகவரி கேட்டார், கைதிக்கு என்ன உறவு என்று கேட்டார். தில்லைநாயகம் உறவு ஒன்றும் இல்லை என்றார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது, உறவோ நண்பரோ இல்லாதவர்களை உள்ளே விட விதி இல்லை என்றார் காவலர். நண்பர் என்று சொல்ல தில்லைநாயகத்துக்கு வாய் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் சொல்லுங்க பெரியவரே என்றார்கள்.

காவலர் மேசையை ஒட்டியிருந்த கம்பி வலைக்கு அந்தப் பக்கம் எட்டியப்பன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தான். முடி முழுக்க நரைத்திருந்தது, நிற்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"பங்காளின்னு எழுதிக்கோங்க," என்றான்.

காவலர் நிமிர்ந்து இரண்டு பேர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்படியே எழுதி, தில்லைநாயகம் கையெழுத்துப் போடுவதற்காகப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.